கஞ்சாச் செடியின் டெர்ப்பீன்கள்

கஞ்சாச் செடியின் டெர்ப்பீன்கள் என்பவை அச்செடியின் பெண் பூக்களில் உள்ள சுரப்பி மயிர்களில் உருவாகும், எளிதில் ஆவியாகக்கூடிய கரிமச் சேர்மங்கள் ஆகும். கஞ்சாவின் மணத்தில் பெரும்பங்கு இவற்றையே சாரும். ஒரு செடி எலுமிச்சைத் தோல் போலவும், மற்றொன்று மிளகு போலவும், வேறொன்று பைன் மரப்பிசின் போலவும் மணப்பதற்கு இவற்றின் சேர்க்கை வேறுபடுவதே முதன்மைக் காரணம்.

கஞ்சாவில் நூற்றுக்கும் மேற்பட்ட டெர்ப்பீன்களும் அவற்றைச் சார்ந்த சேர்மங்களும் இனங்காணப்பட்டுள்ளன. ஆயினும் ஒரு குறிப்பிட்ட செடியில் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பவை பெரும்பாலும் ஒரு சிலவே. உலர்ந்த பூவின் எடையில் டெர்ப்பீன்கள் அனைத்தும் சேர்ந்து பொதுவாக 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். செடியின் மணம் இவற்றுள் ஏதேனும் ஒரு பொருளால் மட்டும் அமைவதில்லை. பல பொருள்கள் கலந்துள்ள விகிதத்தால் அமைகிறது. அந்த விகிதத்தைச் செடியில் செயற்படும் நொதிகளும், அந்நொதிகளை மரபணுக்களும் வரையறுக்கின்றன. எனவே இது மரபுவழியாகக் கடத்தப்படும் பண்பாகும். வணிகத்தில் வழங்கும் இரகப் பெயர்களும் "இண்டிக்கா", "சட்டைவா" ஆகிய அடையாளங்களும் இவ்விகிதத்தை அறிய நம்பத்தக்க வழிகாட்டிகள் அல்ல என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

பெயரும் ஆய்வு வரலாறும்

"டெர்ப்பீன்" என்னும் சொல், பைன் மரப்பிசினிலிருந்து வடித்தெடுக்கப்படும் டர்ப்பன்டைன் எண்ணெயின் பெயரிலிருந்து உருவானது. செருமானிய வேதியியலாளர் ஆகஸ்ட் கெகுலே 1860களில் இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். நறுமண எண்ணெய்களில் உள்ள இச்சேர்மங்களைப் பிரித்து ஒழுங்குபடுத்திய ஓட்டோ வாலக் 1910ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இத்துறையை மேலும் விரிவாக்கிய லியோபோல்ட் ருசிக்கா 1939ஆம் ஆண்டில் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கஞ்சாவைப் பொறுத்தவரை, எகிப்திய ஹஷீஷிலிருந்து கிடைத்த எண்ணெயைப் பற்றிய சைமன்சன், டாட் ஆகியோரின் ஆய்வு 1942இல் வெளிவந்தது. இந்தியக் கஞ்சாவின் எண்ணெய்க் கூறுகளை விரிவாக ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1965இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1964இல், கஞ்சாவின் போதைக்குக் காரணமான டெட்ராஐதரோகன்னாபினால் (சுருக்கமாக டி.எச்.சி) என்னும் பொருளின் கட்டமைப்பை இசுரேலில் காவோனி, மெச்சூலம் ஆகியோர் கண்டறிந்திருந்தனர். அதன் பின்னர் ஆய்வாளர்களின் கவனம் டி.எச்.சி முதலிய கன்னாபினாய்டுகளின் பக்கம் திரும்பியது. டெர்ப்பீன்களை உருவாக்கும் கஞ்சா நொதிகளின் மரபணுக்கள் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டு விவரிக்கப்பட்டது 2007ஆம் ஆண்டில்தான். கஞ்சாவின் மரபணுத்தொகுதி வரைவு 2011இல் வெளியிடப்பட்ட பின்னர் இத்துறை விரைவாக வளர்ந்தது.

வேதியியல் அமைப்பு

டெர்ப்பீன்கள் அனைத்தும் ஐந்து கரிம அணுக்களைக் கொண்ட ஐசோப்பிரீன் என்னும் அலகின் மடங்குகளாக அமைந்தவை. செங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்புவது போல, இவ்வலகுகள் இணைந்து வெவ்வேறு மூலக்கூறுகள் உருவாகின்றன. கஞ்சாவின் மணத்தில் பங்குபெறுபவை பெரும்பாலும் பின்வரும் இரு வகையைச் சேர்ந்தவை:

- ஒற்றை டெர்ப்பீன்கள்: இரண்டு அலகுகள் இணைந்தவை. 10 கரிம அணுக்களும் 16 ஐதரசன் அணுக்களும் கொண்டவை. மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 136. எளிதில் ஆவியாகும். எடுத்துக்காட்டு: மிர்சீன், லிமோனீன், பினீன், டெர்ப்பினோலீன், ஓசிமீன்.
- ஒன்றரை டெர்ப்பீன்கள்: மூன்று அலகுகள் இணைந்தவை. 15 கரிம அணுக்களும் 24 ஐதரசன் அணுக்களும் கொண்டவை. மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 204. மெதுவாகவே ஆவியாகும். எடுத்துக்காட்டு: கரியோஃபிலீன், ஹியூமுலீன், ஃபார்னசீன்.

ஒற்றை டெர்ப்பீன்கள் பலவற்றின் வேதியியல் வாய்பாடு ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. லிமோனீனிலும் பினீனிலும் மிர்சீனிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே உள்ளது. அவை இணைந்திருக்கும் முறை மட்டுமே வேறு. அவ்வேறுபாடே மணத்தையும் வேறாக்குகிறது. மேலும், வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமாக அமைந்த மூலக்கூறுகளும் உண்டு. லிமோனீனின் ஒரு வடிவம் ஆரஞ்சுப் பழத்தோலின் மணத்தைத் தர, அதன் ஆடிப்பிம்ப வடிவம் டர்ப்பன்டைனை ஒத்த மணத்தைத் தருகிறது.

துல்லியமாகக் கூறுமிடத்து, கரிமமும் ஐதரசனும் மட்டும் கொண்டவையே டெர்ப்பீன்கள். ஆக்சிசனும் சேர்ந்திருப்பின் அவை டெர்ப்பினாய்டுகள் எனப்படும். லினலூல், பிசபோலால், குவாயால் ஆகியவை இவ்வகையின. எனினும் பொது வழக்கில் இரண்டையும் டெர்ப்பீன்கள் என்றே குறிப்பிடுவர். இக்கட்டுரையிலும் அவ்வழக்கே பின்பற்றப்படுகிறது.

சுரப்பி மயிர்கள்

கஞ்சாவில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியானவை. பெண் பூக்களைச் சூழ்ந்துள்ள சிறு செதில்களின் மேற்பரப்பில் காளான் போன்ற உருவமுடைய நுண்ணிய சுரப்பி மயிர்கள் அடர்ந்துள்ளன. இம்மயிரின் தலைப்பகுதியில் சுரப்பு உயிரணுக்கள் வட்டத்தட்டாக அமைந்துள்ளன. இவை உருவாக்கும் டெர்ப்பீன்களும் கன்னாபினாய்டுகளும் அத்தட்டுக்கு மேலுள்ள மெல்லிய உறையின் அடியில் பிசினாகச் சேர்கின்றன. பூவைக் கையால் தொட்டவுடன் மணம் வீசுவது இவ்வுறை கிழிவதாலேயாகும்.

காம்புள்ள மயிர்களும் காம்பற்ற மயிர்களும் ஒரே கலவையைச் சுரப்பதில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, காம்பற்றவற்றில் 8 சுரப்பு உயிரணுக்களும், காம்புள்ளவற்றில் 12 முதல் 16 வரையிலான உயிரணுக்களும் உள்ளன. பூக்களில் காணப்படும் காம்புள்ள மயிர்களில் ஒற்றை டெர்ப்பீன்கள் மேலோங்கியுள்ளன. காம்பற்றவற்றில் ஒன்றரை டெர்ப்பீன்களின் பங்கு மிகுதி. இதனால் ஒரே செடியின் இலையும் பூவும் ஒரே மணத்தைக் கொண்டிருப்பதில்லை.

செடியைப் பொறுத்தவரை, பூச்சிகளையும் மேயும் விலங்குகளையும் நுண்ணுயிர்களையும் தடுக்கும் தற்காப்புப் பொருள்களாக டெர்ப்பீன்கள் விளங்குகின்றன.

உருவாகும் முறை

டெர்ப்பீன்களுக்கான ஐந்து கரிம அலகுகள் உயிரணுவின் இரு வேறு இடங்களில், இரு வேறு வழிகளில் உருவாகின்றன. கணிகங்களில் உருவாகும் அலகுகள் இரண்டிரண்டாக இணைந்து செரனைல் இருபாஸ்பேட்டு என்னும் மூலப்பொருளைத் தருகின்றன. இதிலிருந்தே ஒற்றை டெர்ப்பீன்கள் பிறக்கின்றன. கணிகங்களுக்கு வெளியே, உயிரணுவின் நீர்மப் பகுதியில் மூன்று அலகுகள் இணைந்து ஃபார்னசைல் இருபாஸ்பேட்டு உருவாகிறது. இதிலிருந்து ஒன்றரை டெர்ப்பீன்கள் பிறக்கின்றன.

கன்னாபினாய்டுகளை உருவாக்கவும் செரனைல் இருபாஸ்பேட்டே தேவைப்படுகிறது. அது ஒலிவெட்டாலிக் அமிலத்துடன் இணைந்து கன்னாபிசெரோலிக் அமிலமாக மாறுகிறது, டி.எச்.சியும் கன்னாபிடையாலும் அதன் வழித்தோன்றல்களே. ஆகவே மணப்பொருளும் போதைப்பொருளும் ஒரே ஊற்றிலிருந்து நீர் எடுக்கும் இரு வாய்க்கால்களைப் போன்றவை.

மூலப்பொருளை டெர்ப்பீனாக மாற்றுபவை டெர்ப்பீன் தொகுப்பு நொதிகள் ஆகும். நொதியின் குழிவுக்குள் மூலப்பொருள் நுழைந்ததும் அதன் பாஸ்பேட்டுப் பகுதி நீங்கி, நேர்மின்னேற்றமுடைய நிலையற்ற அயனி உருவாகிறது. அவ்வயனி அடுத்து என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தே விளைபொருள் அமையும்:

- வளையம் உருவாகாமல் ஒரு புரோத்தனை மட்டும் இழந்தால் மிர்சீன் அல்லது ஓசிமீன் உருவாகும்.
- நீர் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் லினலூல் உருவாகும்.
- ஒரு வளையமாக மூடிய பின் புரோத்தனை இழந்தால் லிமோனீன் உருவாகும்.
- அவ்வளையத்திற்குள் ஐதரசன் இடம்மாறிய பின் புரோத்தனை இழந்தால் டெர்ப்பினோலீன் உருவாகலாம்.
- மீண்டும் ஒருமுறை மூடி இரட்டை வளையமானால் ஆல்ஃபா-பினீன் அல்லது பீட்டா-பினீன் உருவாகும்.

இவ்வயனி நிலையற்றதாகையால், ஒரே நொதி பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தருகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் "ஃபினோலா" என்னும் சணற்கஞ்சா இரகத்தின் நொதிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. அவர்கள் விவரித்த நொதிகளுள் ஒன்று பீட்டா-கரியோஃபிலீன், ஆல்ஃபா-ஹியூமுலீன் ஆகிய இரண்டையும் சேர்த்தே உருவாக்குகிறது. கஞ்சா மாதிரிகளில் இவ்விரண்டும் எப்போதும் இணைபிரியாமல், ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடுவதாகக் காணப்படுவதன் காரணம் இதுவே. பயிர்ப்பெருக்குநர் ஒருவர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றதை நீக்குவது எளிதன்று.

2019இல் நடந்த மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்றில், டெர்ப்பீன் தொகுப்பு நொதிகளுக்குரியவை எனக் கருதத்தக்க 50க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கஞ்சாவில் இனங்காணப்பட்டன. அவற்றுள் எவை ஒரு செடியில் உள்ளன, எவை பழுதடைந்துள்ளன, எவை சுரப்பி மயிர்களில் மிகுதியாகச் செயற்படுகின்றன என்பவையே அச்செடியின் டெர்ப்பீன் கலவையை வரையறுக்கின்றன.

முதன்மையான டெர்ப்பீன்கள்

கஞ்சாவுக்கு மட்டுமே உரிய முதன்மை டெர்ப்பீன் எதுவுமில்லை. கீழ்க்காணும் அனைத்தும் வேறு தாவரங்களிலும் பரவலாக உள்ளவை.

- மிர்சீன்: கஞ்சாவில் பெரிதும் மிகுந்து காணப்படுவது. மாம்பழத்திலும், பீருக்கு மணமூட்டும் ஹாப் பூக்களிலும் உள்ளது. பச்சிலையும் மண்ணும் கலந்தாற்போன்ற மணமுடையது. கொதிநிலை ஏறத்தாழ 167 பாகை செல்சியசு.
- லிமோனீன்: எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய நாரத்தை இனப் பழங்களின் தோல் எண்ணெயில் பெரும்பகுதியாக அமைந்தது. கொதிநிலை ஏறத்தாழ 176 பாகை.
- ஆல்ஃபா-பினீன், பீட்டா-பினீன்: பைன் முதலிய ஊசியிலை மரங்களின் பிசினில் மிகுதி. ஆல்ஃபா வடிவத்தின் கொதிநிலை ஏறத்தாழ 155 பாகை.
- டெர்ப்பினோலீன்: மலரும் பழமும் பைனும் கலந்தாற்போன்ற மணம். பெரும்பாலான செடிகளில் சிறிதளவே இருக்கும். ஒரு சில இரகங்களில் மட்டும் மேலோங்கியிருக்கும்.
- ஓசிமீன்: துளசிப் பேரினத்தின் அறிவியற் பெயரான "ஓசிமம்" என்பதிலிருந்து பெயர் பெற்றது. இனிய மூலிகை மணமுடையது.
- லினலூல்: லாவண்டர் பூவிலும், கொத்தமல்லி விதை எண்ணெயில் முதன்மைக் கூறாகவும் உள்ளது. கொதிநிலை ஏறத்தாழ 198 பாகை.
- பீட்டா-கரியோஃபிலீன்: மிளகிலும் கிராம்பிலும் உள்ள ஒன்றரை டெர்ப்பீன். காரமான மணமுடையது. கொதிநிலை 250 பாகைக்கும் மேல்.
- ஆல்ஃபா-ஹியூமுலீன்: ஹாப் செடியின் பேரினப் பெயரான "ஹியூமுலசு" என்பதிலிருந்து பெயர் பெற்றது. ஹாப் செடியும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கலவையும் மணமும்

ஒரு கலவையில் எடையால் மிகுந்திருக்கும் பொருளே மணத்தாலும் மிகுந்திருக்கும் எனக் கொள்ள முடியாது. ஒவ்வொரு பொருளையும் மூக்கு உணர்வதற்குத் தேவையான குறைந்த அளவு வெவ்வேறானது. சில பொருள்கள் இம்மியளவே இருப்பினும் மற்றவற்றை மீறி உணரப்படும்.

இதற்குக் கஞ்சாவிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. "ஸ்கங்க்" எனப்படும் வட அமெரிக்க விலங்கு தன்னைக் காத்துக்கொள்ளப் பீச்சும் நீர்மத்தின் நாற்றத்தை ஒத்த மணம் பல கஞ்சா இரகங்களுக்கு உண்டு. இம்மணம் டெர்ப்பீன்களால் உண்டாவது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் 2021இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வு, மிகக் குறைந்த அளவில் உள்ள கந்தகச் சேர்மங்களே, சிறப்பாக மூன்று-மெத்தில்-இரண்டு-பியூட்டீன்-ஒன்று-தயால் என்பதே, அதற்குக் காரணம் என நிறுவியது. வெயில் பட்டுக் கெட்டுப்போன பீரின் நாற்றத்திற்கும் இதே சேர்மம்தான் காரணம்.

அதே ஆய்வுக்குழு 2023இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், டெர்ப்பீன் அளவுகளில் பெரிதும் ஒத்திருக்கும் இரகங்கள்கூட மணத்தில் வேறுபடுவதற்கு டெர்ப்பீன் அல்லாத நுண்கூறுகளே காரணம் எனக் காட்டப்பட்டது. வெப்பமண்டலப் பழங்களின் மணத்தை ஒத்த இரகங்களில் வேறு சில கந்தகச் சேர்மங்களும், கடுமையான மணமுடைய இரகங்களில் ஸ்கட்டோல் என்னும் நைதரசன் சேர்மமும் கண்டறியப்பட்டன. ஆகவே டெர்ப்பீன்கள் கஞ்சா மணத்தின் அடித்தளம் எனலாமே தவிர, அதன் முழு விளக்கம் எனக் கொள்ளலாகாது.

டி.எச்.சியும் கன்னாபிடையாலும் குறிப்பிடத்தக்க மணம் அற்றவை. இதனால் மணத்தைக் கொண்டு ஒரு செடியின் போதை வலிமையை அறிய இயலாது. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத டி.எச்.சி கொண்ட சணற்கஞ்சாவை அனுமதித்த பின்னர், இச்செய்தி நீதிமன்றங்களிலும் முதன்மை பெற்றது. அனுமதிக்கப்பட்ட சணற்கஞ்சாவும் தடைசெய்யப்பட்ட கஞ்சாவும் ஒரே டெர்ப்பீன்களைக் கொண்டிருப்பதால், மனிதரின் மூக்கோ மோப்ப நாயின் மூக்கோ அவற்றை வேறுபடுத்துவது அரிது. எனவே கஞ்சா மணம் மட்டுமே சோதனையிடப் போதிய காரணமாகுமா என்னும் வினா பல வழக்குகளில் எழுந்தது.

பயிர்ப்பெருக்கமும் மரபுவழியும்

கஞ்சா காற்றால் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் செடி. 10 இணை நிறப்புரிகளைக் கொண்டது. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாகையால் இயல்பாக அயல்மகரந்தச் சேர்க்கையே நிகழும். இதன் விளைவாக ஒவ்வொரு செடியும் பல மரபணுக்களில் தந்தை வழியொன்றும் தாய் வழியொன்றுமாக இரு வேறு வடிவங்களைத் தாங்கியிருக்கும். ஒரே பெற்றோரின் விதைகளிலிருந்து முளைக்கும் செடிகள் ஒன்றையொன்று ஒத்திராமைக்கு இதுவே காரணம். விரும்பிய மணமுள்ள செடி ஒன்று கிடைத்ததும், அதன் விதையை நம்பாமல் தண்டுத் துண்டுகளை வேர்பிடிக்கச் செய்து பெருக்கும் வழக்கமும் இதனால் ஏற்பட்டதே.

டி.எச்.சி, கன்னாபிடையால் ஆகியவற்றின் விகிதம் பெரும்பாலும் ஒரே மரபணு இருக்கையால் வரையறுக்கப்படுகிறது. எனவே அதன் மரபுவழியை ஓரளவு எளிதாகக் கணிக்க இயலும். டெர்ப்பீன்களின் நிலை அவ்வாறன்று. பல மரபணுக்கள் ஒரே வேளையில் செயற்படுகின்றன. அவற்றுள் சில ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்திருப்பதால் சேர்ந்தே கடத்தப்படுகின்றன. ஒற்றை டெர்ப்பீன் நொதிகள் அனைத்தும் ஒரே மூலப்பொருளுக்குப் போட்டியிடுகின்றன.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மிர்சீன் மிகுந்த செடியையும் டெர்ப்பினோலீன் மிகுந்த செடியையும் கலப்பதாகக் கொள்வோம். இரண்டையும் உருவாக்கும் நொதிகளின் மரபணுக்கள் வேறுவேறு. ஆகையால் வழித்தோன்றல் ஒன்று இரண்டு நொதிகளையுமே பெறக்கூடும். அப்போது கிடைக்கும் மூலப்பொருள் அவற்றுக்கிடையே பங்கிடப்படும். மற்றொரு வழித்தோன்றல் ஒன்றை மட்டும் பெற்று, பெற்றோருள் ஒருவரைப் போலவே மணக்கக்கூடும். இரு செடிகளிலும் மறைந்திருந்த பழைய மரபணு வடிவங்கள் இணைந்து, பெற்றோர் இருவரிடமும் காணப்படாத மணம் தோன்றுவதும் உண்டு. இரண்டு வண்ணங்களைக் குழைத்து நடுவண்ணம் பெறுவது போல இரண்டு மணங்களைக் கலந்து நடுமணம் பெற முடியாது என்பதே இதன் பொருள்.

சூழலுக்கும் இதில் பங்குண்டு. ஒளி, வெப்பநிலை, ஊட்டம், அறுவடைக் காலம் ஆகியவை டெர்ப்பீன்களின் மொத்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. ஆனால் உரிய நொதிக்கான மரபணு இல்லாத செடியில், எத்தகைய வளர்ப்பு முறையாலும் அந்த டெர்ப்பீனைத் தோற்றுவிக்க இயலாது.

இன்றைய வணிக இரகங்களின் முன்னோர் பலர், 1960களிலும் 1970களிலும் ஆப்கானிஸ்தான், மெக்சிகோ, கொலம்பியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் நாட்டுச் செடிகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகளிலிருந்து வந்தவை. கலிபோர்னியாவிலும் பின்னர் நெதர்லாந்திலும் அவை ஒன்றோடொன்று கலக்கப்பட்டன. ஆனால் அமெரிக்காவில் 1937 முதலும், பன்னாட்டளவில் 1961ஆம் ஆண்டின் ஒற்றைப் பேருடன்படிக்கை முதலும் கஞ்சா கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. எனவே நெல்லுக்கும் கோதுமைக்கும் உள்ளது போன்ற இரகப் பதிவேடோ, விதைச் சான்றிதழோ, எழுதப்பட்ட வம்சாவளியோ இவற்றுக்கு இல்லாது போயிற்று. பெயர்கள் வாய்வழியாகவே பரவின. தேர்வுக் கருவி பயிர்ப்பெருக்குநரின் மூக்கு மட்டுமே.

இரகப் பெயர்களும் உண்மைக் கலவையும்

கரோலசு லின்னேயசு 1753இல் ஐரோப்பியச் சணற்கஞ்சாவைக் "கன்னாபிசு சட்டைவா" எனப் பெயரிட்டார். லாமார்க் 1785இல் இந்தியாவிலிருந்து கிடைத்த செடிகளைக் கொண்டு "கன்னாபிசு இண்டிக்கா" என்னும் இனத்தை விவரித்தார். இன்றைய வணிக வழக்கில் "இண்டிக்கா" என்பது ஆப்கானிஸ்தான் வழிவந்த அகன்ற இலைச் செடிகளைக் குறிக்கிறது. லாமார்க் விவரித்த இந்தியச் செடிகளோ குறுகிய இலைகளை உடையவை. ஆகவே இச்சொற்கள் அவற்றின் முதற்பொருளிலிருந்து முற்றிலும் விலகிவிட்டன. "இண்டிக்கா" தூக்கம் தருவது, "சட்டைவா" ஊக்கம் தருவது என்னும் பரவலான கூற்று இந்த வணிக வழக்கைச் சார்ந்தது.

இப்பெயர்களை ஆய்வுக்குட்படுத்திய முயற்சிகளுள் சில பின்வருமாறு:

- 2019இல் அமெரிக்காவில் 30 இரகப் பெயர்களில் விற்கப்பட்ட 122 மாதிரிகள் மரபணு முறையில் ஒப்பிடப்பட்டன. ஒரே பெயரில் விற்கப்பட்டவற்றுள் மரபணு வேறுபாடுகள் பரவலாகக் காணப்பட்டன.
- 2021இல் நெதர்லாந்தில் வளர்க்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், இண்டிக்கா, சட்டைவா அடையாளங்கள் செடிகளின் ஒட்டுமொத்த மரபணு உறவை எதிரொலிக்கவில்லை எனத் தெரியவந்தது. எனினும் மிர்சீன், குவாயால் முதலிய ஒரு சில டெர்ப்பீன்கள் "இண்டிக்கா" எனப் பெயரிடப்பட்டவற்றிலும், ஃபார்னசீன், பெர்கமோட்டீன் ஆகியவை "சட்டைவா" எனப் பெயரிடப்பட்டவற்றிலும் கூடுதலாக இருந்தன. வளர்ப்போர் வம்சாவளியை அறிந்தல்ல, மணத்தைக் கொண்டே இப்பெயர்களைச் சூட்டியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.
- 2022இல் அமெரிக்காவின் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 90,000 மாதிரிகளின் ஆய்வகத் தரவுகள் ஒப்பிடப்பட்டன. டி.எச்.சி மிகுந்த மாதிரிகள் டெர்ப்பீன் அடிப்படையில் மூன்று பெருங்குழுக்களாகப் பிரிந்தன: மிர்சீன் மிகுந்தவை, டெர்ப்பினோலீன் மிகுந்தவை, கரியோஃபிலீனும் லிமோனீனும் மிகுந்தவை. இக்குழுக்களும் வணிக அடையாளங்களும் சீராகப் பொருந்தவில்லை.

நூற்றுக்கணக்கான பெயர்களில் விற்கப்படும் பொருள்கள், வேதியியல் நோக்கில் ஒரு சில வகைகளுக்குள் அடங்குவது இதனால் புலப்படுகிறது. கஞ்சா மருந்தாக அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இது நோயாளிகளுக்கு நேரடித் தொடர்புடைய செய்தியாகும். சென்ற முறை பயன் தந்த பெயரையே மறுமுறையும் கேட்டு வாங்கும் ஒருவருக்கு வேறொரு கலவை கிடைக்கக்கூடும். பெயரைவிட, அந்தந்தத் தொகுதியின் ஆய்வகப் பகுப்பாய்வு அறிக்கையே நம்பத்தக்கது.

அறுவடைக்குப் பின் ஏற்படும் மாற்றங்கள்

செடியில் இருந்த கலவை அப்படியே நிலைப்பதில்லை. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் நடந்து 1996இல் வெளியான ஆய்வின்படி, புதிய பூக்களை உலர்த்தி வைத்திருந்தபோது ஒரு வாரத்தில் நறுமண எண்ணெயின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், மூன்று மாதங்களில் பாதிக்கு மேலும் இழக்கப்பட்டன. எளிதில் ஆவியாகும் ஒற்றை டெர்ப்பீன்களே முதலில் குறைந்தன. இதனால் எஞ்சிய எண்ணெயில் ஒன்றரை டெர்ப்பீன்களின் பங்கு உயர்ந்தது. புதிய பூவில் எலுமிச்சை மணமும் பழைய பூவில் மிளகு மணமும் மேலோங்குவது இவ்வாறே.

காற்றிலுள்ள ஆக்சிசனும் டெர்ப்பீன்களை மாற்றுகிறது. கரியோஃபிலீன் மெல்ல மெல்லக் கரியோஃபிலீன் ஆக்சைடாகிறது. லிமோனீன் ஆக்சிசனேற்றம் அடைந்து உருவாகும் பொருள்கள் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. மிகு வெப்பத்தில் டெர்ப்பீன்கள் சிதையும்போது மெத்தாக்குரோலீன், பென்சீன் முதலிய நச்சுப்பொருள்கள் உருவாவதை 2017இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. இயற்கையில் கிடைப்பது என்பதால் மட்டும் ஒரு பொருளை எவ்வடிவிலும் தீங்கற்றது எனக் கொள்ள முடியாது.

சூழ்துணை விளைவுக் கருதுகோள்

டெர்ப்பீன்கள் மணத்தைத் தருவதோடு நில்லாமல், டி.எச்.சியின் விளைவையும் மாற்றுகின்றனவா என்பது விவாதத்திற்குரிய வினாவாகும். அவை மாற்றுகின்றன என்னும் கருத்து சூழ்துணை விளைவு எனப்படுகிறது. 1998இல் மெச்சூலம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இத்தொடரை அறிமுகப்படுத்தியபோது அது உடலிலேயே சுரக்கும் கன்னாபினாய்டு போன்ற பொருள்களைப் பற்றியதாக இருந்தது. கஞ்சாவின் டெர்ப்பீன்களுக்கு இக்கருத்தை விரிவாகப் பொருத்திக்காட்டியது 2011இல் ஈத்தன் ரூசோ எழுதிய கட்டுரையாகும்.

இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சான்றுகள் உள்ளன. பீட்டா-கரியோஃபிலீன் உடலின் இரண்டாம் வகைக் கன்னாபினாய்டு ஏற்பியுடன் நேரடியாக இணைவது 2008இல் கண்டறியப்பட்டது. மாறாக, 2019இல் ஆத்திரேலிய ஆய்வாளர்கள் ஆறு பொதுவான டெர்ப்பீன்களை உயிரணுக்களில் சோதித்தபோது, கன்னாபினாய்டு ஏற்பிகளின் மீது டி.எச்.சி செயற்படும் முறையை அவை மாற்றவில்லை. 2021இல் எலிகளில் நடந்த ஆய்வு சில டெர்ப்பீன்களுக்குத் தனி விளைவு இருப்பதைக் காட்டியது. 2024இல் அமெரிக்காவில் 20 பேர் பங்கேற்ற ஆய்வில், 30 மில்லிகிராம் டி.எச்.சியுடன் 15 மில்லிகிராம் லிமோனீனையும் சேர்த்து ஆவியாக உள்ளிழுத்தபோது, டி.எச்.சியால் உண்டாகும் பதற்றம் குறைந்தது. மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்ட ஒரு சில சான்றுகளுள் இதுவும் ஒன்று. இவ்வகைச் சோதனைகள் எண்ணிக்கையில் குறைவாதலால், ஒரு டெர்ப்பீனின் அளவைக் கொண்டு ஒரு பொருள் தூக்கம் தரும், வலி நீக்கும் என உறுதியாக விளம்பரம் செய்வதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை.

சட்டநிலை

கனடா 2018இலும் செருமனி 2024இலும் வயது வந்தோர் கஞ்சா பயன்படுத்துவதைக் கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தன. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின்படி, உரிய உரிமமின்றிக் கஞ்சாச் செடியை வளர்ப்பதும் அதன் பூவையும் பிசினையும் வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். டெர்ப்பீன்களுக்குத் தனியே இத்தகைய தடை இல்லை. மிளகிலும் மாம்பழத்திலும் கொத்தமல்லியிலும் உள்ள அதே மூலக்கூறுகள் உணவு மணமூட்டிகளாகவும் வாசனைப் பொருள்களாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன.